வலப்பக்க வயிற்றுவலி: குடல்வால் அழற்சியும் அதன் போலிகளும்

தமிழ் இலக்கணத்தில் போலி என்று ஒரு பகுதி உண்டு. ஓரெழுத்து நிற்க வேண்டிய இடத்தில் வேறோர் எழுத்து வந்து நின்றும் பொருள் மாறாதிருப்பது போலி எனப்படும். அறம் என்றாலும் அறன் என்றாலும் பொருள் ஒன்றே. பந்தல் என்றாலும் பந்தர் என்றாலும் நிழல் ஒன்றே. மருத்துவத்திலும் போலிகள் உண்டு. ஆனால் அங்கே நிலைமை வேறு. ஒரு நோயின் இடத்தில் வேறொரு நோய் அதே தோற்றத்தோடு வந்து நிற்கும். பொருளோ முற்றும் மாறிவிடும். ஒன்றிற்குக் கத்தியே மருந்து. மற்றொன்றிற்கு அக்கத்தியே தீங்கு.

இத்தகைய போலிகள் மலிந்த இடம் வயிற்றின் வலப்பக்கக் கீழ்மூலை. அங்கே வலி என்றதும் "அப்பெண்டிக்ஸ்" என்று சொல்லிவிடுவது இன்று மக்கள் அனைவர்க்கும் வழக்கமாகிவிட்டது. பல வேளைகளில் அது சரியாகவும் இருக்கும். வாழ்நாளில் 100 பேரில் 7 அல்லது 8 பேர்க்குக் குடல்வால் அழற்சி வருகிறது. அது மிகுதியாகக் காணப்படுவது 10 முதல் 30 வயது வரையில். அஃதாவது பள்ளியிலும் கல்லூரியிலும் ஆசிரியர்முன் அமர்ந்திருக்கும் பருவத்தில். ஆகவே இதனைப் பற்றிய தெளிவு மருத்துவர்க்கு அடுத்தபடியாக ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் வேண்டுவதாகும்.

இதில் இருவகைப் பிழை நேரக்கூடும். குடல்வால் அழற்சியை வெறும் வயிற்றுவலி என்று எண்ணிக் காலம் தாழ்த்தினால், குடல்வால் வெடித்துச் சீழ் வயிற்றறை முழுதும் பரவும். வேறொரு நோயைக் குடல்வால் அழற்சி என்று எண்ணி வயிற்றைத் திறந்தால், வீண் அறுவை ஒருபுறம்; உண்மை நோய்க்குரிய மருத்துவம் தாழ்ந்து போவது மறுபுறம். உடலின் உள்ளே படம் எடுத்துக் காட்டும் இக்காலக் கருவிகள் வருமுன், இத்தகைய 100 அறுவைகளில் 15 முதல் 20 வரை நலமான குடல்வாலையே வெளிக்கொணர்ந்தன. வெடிக்கவிட்டு வருந்துவதினும் அது மேல் என்று அறுவை மருத்துவர்கள் அதனை ஏற்றுக்கொண்டிருந்தனர். அந்நலமான குடல்வால்களின் பின்னே ஒளிந்திருந்த நோய்கள் யாவை? அவற்றுள் சிலவற்றைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

குடல்வால் என்பது யாது?

சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்திற்குச் சற்றுக் கீழே, பெருங்குடலின் தொடக்கம் ஒரு பை போல் அமைந்துள்ளது. அப்பையிலிருந்து மண்புழு போல் தொங்குவது குடல்வால். அதன் நீளம் பொதுவாக 8 முதல் 10 செ.மீ. ஒரு முனை திறந்தும் மறுமுனை மூடியும் உள்ள ஒரு குழாய் அது. உலர்ந்த மலக்கட்டியோ, வீங்கிய தசையோ அதன் வாயை அடைத்துவிட்டால் உள்ளே ஊறும் நீர் வெளியேற வழியின்றித் தேங்கும். அழுத்தம் ஏறும், கிருமிகள் பெருகும், குருதியோட்டம் குன்றும், இறுதியில் சுவர் அழுகித் துளை விழும்.

ஓவியர் லியோனார்டோ டா வின்சி 1492ஆம் ஆண்டளவிலேயே இவ்வுறுப்பை வரைந்து வைத்தார். 1735இல் இலண்டனில் கிளாடியஸ் அமியண்டு என்னும் அறுவை மருத்துவர், குடலிறக்கத்தோடு வந்த 11 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அறுவை செய்தபோது, இறங்கிய குடலில் குடல்வாலும் இருந்தது. அதனை ஒரு குண்டூசி துளைத்திருந்தது. அவர் குடல்வாலை நீக்கினார், சிறுவன் பிழைத்தான். மயக்க மருந்து இல்லாத காலம் அது. குடல்வாலை அறுத்தெடுத்ததாக எழுதி வைக்கப்பட்டுள்ள முதல் நிகழ்ச்சி அதுவே.

ஆயினும், அதற்குப் பின் ஒன்றரை நூற்றாண்டு வரையில் மருத்துவ உலகம் இவ்வலிக்குப் பெருங்குடலின் பையையே குற்றம் சாட்டி வந்தது. 1886இல் அமெரிக்கரான ரெஜினால்டு பிட்ஸ், இறந்தோர் உடல்களை ஆய்ந்த பட்டறிவைக் கொண்டு, நோயின் பிறப்பிடம் குடல்வாலே என்று நிறுவி, "அப்பெண்டிசைடிஸ்" என்ற பெயரையும் தந்தார். நம் முன்னோர் கடும் வயிற்று நோய்களைச் சூலை என்றும் குன்மம் என்றும் வழங்கினர். திருநாவுக்கரசர் வரலாற்றில் வரும் சூலையைத் தமிழ் படித்தோர் அனைவரும் அறிவர். அப்பெயர்கள் துன்பத்தைச் சுட்டினவே ஒழிய, துன்பத்திற்கு இடமான உறுப்பைச் சுட்டவில்லை. மேலை நாட்டிலும் நெடுங்காலம் அதுவே நிலைமை. உறுப்பின் பெயரால் நோய்க்குப் பெயர் வந்த பிறகே, உறுப்பை நீக்கி நோயை நீக்கலாம் என்னும் துணிவும் வந்தது.

1889இல் நியூயார்க்கின் சார்ல்ஸ் மக்பர்னி, இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து கொப்பூழுக்கு ஒரு கோடு இழுத்தால், அதில் எலும்பிலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தொலைவில் அழுத்தும்போது வலி மிகும் என்று காட்டினார். இன்றும் அவ்விடம் அவர் பெயரால் வழங்குகிறது. 1902 ஜூன் 26ஆம் நாள் நடக்கவிருந்த ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டு விழா இந்நோயால் தள்ளிப் போடப்பட்டது. விழாவுக்கு இரு நாள் முன்னர்ப் பிரடெரிக் டிரீவ்ஸ் என்னும் மருத்துவர் மன்னரின் வயிற்றைத் திறந்து சீழை வடித்தார். ஆகஸ்டு 9ஆம் நாள் முடிசூட்டு நடந்தது. அதே டிரீவ்ஸ், இரண்டாண்டு முன்னர்த் தம் மகளை இதே நோய்க்குப் பறிகொடுத்தவர் என்பது நினைக்கத்தக்கது.

நோயின் இயல்பான நடை

போலியை அறிய, முதற்கண் மெய்யை அறிதல் வேண்டும். குடல்வால் அழற்சியின் வலி பெரும்பாலும் கொப்பூழைச் சுற்றியே தொடங்குகிறது. குடலுக்குச் செல்லும் நரம்புகள் "இங்கே வலி" என்று துல்லியமாகச் சொல்ல வல்லன அல்ல. அவை தண்டுவடத்தில் சேரும் இடத்திலேயே கொப்பூழ்ப் பகுதித் தோலின் நரம்புகளும் சேர்வதால், மூளை வலியைக் கொப்பூழில் உணர்கிறது. சில மணி நேரம் சென்று, வீக்கம் குடல்வாலைக் கடந்து வயிற்றறையின் உட்சுவரைத் தொட்டதும், வலி வலப்பக்கக் கீழ்மூலைக்கு இறங்கி அங்கேயே நிலைக்கிறது. உட்சுவரின் நரம்புகள் இடத்தைச் சரியாகச் சுட்டக்கூடியவை.

முதலில் வலி, பிறகு பசியின்மையும் குமட்டலும் வாந்தியும், அதன் பிறகு இலேசான காய்ச்சல். இவ்வரிசை முதன்மையானது. வாந்தியோ கடுங்காய்ச்சலோ முதலில் வந்து வலி பின்னர் வருமாயின், மருத்துவர் வேறு நோயையும் எண்ணிப் பார்ப்பார்.

ஆனால் எல்லாரிடத்தும் நோய் இவ்வொழுங்கில் நடப்பதில்லை. குடல்வாலின் அடி ஓரிடத்தில் நிலைத்திருந்தாலும் நுனி ஆளுக்கு ஆள் மாறும். பெருங்குடலின் பின்னே மறைந்திருந்தால் வலி முதுகுப்புறம் தோன்றலாம். இடுப்புக்குழியுள் தொங்கினால் அடிக்கடி சிறுநீர் போக வேண்டும் என்னும் உணர்வோ வயிற்றுப்போக்கோ உண்டாகலாம். கருவுற்ற மகளிர்க்கு வலி சற்று மேலேறியும் காணலாம். மெய்ந்நோயே இத்தனை வேடம் புனையும்போது, பிற நோய்கள் அதன் வேடத்தைப் புனைவதில் வியப்பில்லை.

போலிகள் பிறக்கும் வழிகள் மூன்று. குடல்வாலின் அண்டையிலுள்ள உறுப்புகள் நோயுறுதல் ஒன்று. தொலைவிலுள்ள உறுப்பின் வலி இங்கே வந்து தோன்றுதல் மற்றொன்று. உடல் முழுவதையும் பற்றிய கேடு வயிற்றில் வெளிப்படுதல் மூன்றாவது. இவற்றை முறையே காண்போம்.

1. அண்டை வீட்டார்

சிறுவர்களிடம் அடிக்கடி காணப்படும் போலி, குடலைத் தாங்கும் மடிப்பிலுள்ள நிணநீர்க் கணுக்களின் வீக்கம். காலில் புண் வந்தால் அரையில் நெறி கட்டுகிறதன்றோ? அதுபோலவே குடலிலோ தொண்டையிலோ கிருமி புகுந்தால் வயிற்றினுள்ளும் நெறி கட்டும். இது தானே அடங்கிவிடும், அறுவை வேண்டுவதில்லை. எர்சினியா என்னும் ஒருவகைக் கிருமி இதற்குப் பேர்போனது. கொள்ளைநோய்க் கிருமியை 1894இல் ஹாங்காங்கில் கண்டறிந்த அலெக்சாண்டர் எர்சினின் பெயரை அக்கிருமி இனம் தாங்கியிருக்கிறது. 1976இல் நியூயார்க்கு மாநிலத்தில் ஒனைடா என்னும் வட்டாரத்தில் பள்ளி மாணவர் பலர் ஒருசேர வயிற்றுவலியால் மருத்துவமனையை அடைந்தனர். அவர்களுள் 16 பேர்க்குக் குடல்வால் அறுவை செய்யப்பட்டது. பின்னர் ஆராய்ந்தபோது, அவர்கள் பள்ளியில் அருந்திய சாக்லெட் கலந்த பாலில் எர்சினியா கிருமி இருந்தது தெரியவந்தது. ஒரே பள்ளியில் ஒரே வேளையில் பலர்க்குக் குடல்வால் வலி வருவது இயற்கைக்கு ஒவ்வாதது. அவ்வாறு வருமாயின் உணவையும் நீரையும் ஐயுற வேண்டும் என்பது அந்நிகழ்ச்சி தரும் பாடம்.

அடுத்தது மெக்கல் பை. கருவிலுள்ள குழந்தைக்கும் அதன் தொடக்கக்கால உணவுப் பைக்கும் இடையே ஒரு குழாய் உண்டு. பிறக்குமுன் அது மறைந்துவிட வேண்டும். 100 பேரில் ஏறத்தாழ இருவர்க்கு அது முற்றும் மறையாமல், சிறுகுடலில் ஒரு சிறு பையாகத் தங்கிவிடுகிறது. செருமானிய அறிஞர் யோகான் பிரீடிரிக் மெக்கல் அதன் பிறப்பை 1809இல் விளக்கினார். பெரும்பாலோர்க்கு அது வாழ்நாள் முழுதும் தீங்கின்றிக் கிடக்கும். சிலர்க்கு வீங்கிச் சீழ் கொள்ளும். அப்போது குடல்வால் அழற்சிக்கும் அதற்கும் வேறுபாடு காண்பது அரிது. வயிற்றைத் திறந்து பார்க்கும் மருத்துவர் குடல்வால் நலமாயிருக்கக் கண்டால், சிறுகுடலின் கடைசிப் பகுதியைச் சில அடி தொலைவு வரையில் தடவிப் பார்ப்பது இதன் பொருட்டே.

பெருங்குடலின் சுவரில் சிறு பைகள் பிதுங்கி, அவை அழற்சி அடைவதுண்டு. மேலை நாட்டாரிடம் இது பெரும்பாலும் இடப்பக்கம் வரும். ஆசிய மக்களிடமோ வலப்பக்கம் வருவது மிகுதி. ஆகவே மேலை நாட்டு நூல்களில் அரிய போலியாகக் கூறப்படும் இது, நம் பகுதி மருத்துவர்க்கு நன்கு பழகிய ஒன்று. பலர்க்கு அறுவையின்றி மருந்தாலேயே குணமாகிறது.

மீன் உண்ணும் நாட்டினர்க்கு இன்னொரு போலி உண்டு. விழுங்கிய மீன்முள் பெரும்பாலும் எவ்விதத் தீங்குமின்றி வெளியேறிவிடும். மிக அரிதாகக் கூரிய முள்ளொன்று சிறுகுடலின் கடைசியிலோ பெருங்குடலின் தொடக்கத்திலோ தைத்துத் துளைத்துவிடும். முள்ளை விழுங்கியது பலர்க்கு நினைவே இராது. பொய்ப்பல் கட்டியவர்களுக்கு அண்ணத்தின் உணர்வு மறைக்கப்படுவதால், முள் இருப்பதை அறியாமல் விழுங்கும் வாய்ப்பு மிகுதி.

சிறுகுடல் பெருங்குடலோடு கூடும் இடம் காசநோய்க்கு விருப்பமான இடமுமாகும். மாதக்கணக்கில் உடல் மெலிவும் மாலைக் காய்ச்சலும் இருந்து, ஒருநாள் திடீரென வலப்பக்க வலி கண்டால் அதனை நினைக்க வேண்டும். அதே இடத்தைப் பற்றும் வேறோர் அழற்சியை நியூயார்க்கின் பரில் கிரோனும் அவர்தம் துணைவர் இருவரும் 1932இல் விளக்கினர். காசநோயும் கிரோன் நோயும் தம்முள்ளேயே ஒன்றற்கொன்று போலியாவன; ஒன்றிற்குத் தரும் மருந்து மற்றொன்றை வளர்க்கக்கூடும் என்பதால், தசைத்துண்டை எடுத்து ஆய்ந்தே முடிவு செய்வர்.

பெருங்குடலின் வெளிப்புறத்தில் சிறு கொழுப்புத் தொங்கல்கள் உண்டு. அவற்றுள் ஒன்று தன் காம்பில் முறுக்கிக் கொண்டால், விரலால் சுட்டிக் காட்டத்தக்க கூரிய வலி தோன்றும். காய்ச்சலும் வாந்தியும் பெரும்பாலும் இரா. ஓரிரு வாரத்தில் தானே ஆறிவிடும். படக்கருவிகள் வந்தபின் இதனை அறுவையின்றியே இன்னதென அறிய முடிகிறது.

மகளிர்க்கு வலப்பக்கச் சூலகமும் கருக்குழாயும் குடல்வாலின் பக்கத்தில் உள்ளன. மாதவிடாய்க்கு இடைநாளில் சூலகத்திலிருந்து முட்டை வெளிப்படும்போது தோன்றும் வலி தீங்கற்றது. சூலகம் முறுக்கிக் கொள்வது தீங்குடையது. விரைந்து அவிழ்க்காவிட்டால் அது குருதியின்றி அழுகிவிடும். எல்லாவற்றினும் கொடியது, கரு கருப்பையை அடையாமல் குழாயிலேயே தங்கி வளர்ந்து, குழாய் வெடிப்பது. உள்ளே குருதி பெருகும். முகம் வெளுத்து மயக்கம் வரும். தோள்பட்டையிலும் வலி தோன்றலாம். கருவுறும் பருவத்திலுள்ள பெண்ணுக்குக் கீழ்வயிற்றில் வலி என்றால், சிறுநீரில் கருவுறுதல் ஆய்வு செய்வது எந்த மருத்துவமனையிலும் வழக்கம். அதனை இழிவென்று கருதிப் பெற்றோர் சினங்கொள்ளுதல் தகாது; உயிர் காக்கும் ஆய்வு அது.

2. தொலைவிலிருந்து வரும் வலி

ஊமைப்பட உலகின் புகழ்பெற்ற நடிகர் ருடால்ப் வாலண்டினோ 1926 ஆகஸ்டு 15ஆம் நாள் நியூயார்க்கில் கடும் வயிற்றுவலியால் வீழ்ந்தார். அறுவை செய்தபோது இரைப்பைப் பகுதியில் புண் துளைத்திருந்தது தெரிந்தது. ஆகஸ்டு 23ஆம் நாள் தம் 31ஆம் வயதில் அவர் மறைந்தார். புண் துளைத்தால் உள்ளிருக்கும் எரிநீர் பெருங்குடலின் வலப்புற ஓரமாகக் கீழே வடிந்து, குடல்வால் இருக்கும் மூலையில் தேங்கும். புண் மேலே; வலி கீழே. இப்போலிக்கு மருத்துவ நூல்களில் அவர் பெயரே வழங்குகிறது. "முதலில் மேல்வயிற்றில் கத்தியால் குத்தியது போன்ற வலி, பிறகு கீழே இறங்கியது" என்று நோயாளி சொல்லும் ஒரு வரி, இரண்டையும் பிரித்துக் காட்ட வல்லது.

நிமோனியாக் காய்ச்சல் வலப்பக்க நுரையீரலின் அடிப்பகுதியைப் பற்றினால், குழந்தைகள் மார்பைக் காட்டாமல் வயிற்றைக் காட்டுவர். விலாவின் கீழ் நரம்புகளே வயிற்றுச் சுவருக்கும் செல்வதால் வரும் மயக்கம் இது. இருமல், விரைந்த மூச்சு, மிகுந்த காய்ச்சல் ஆகியன அடையாளங்கள். அக்கியும் இவ்வாறே, தோலில் கொப்புளம் தோன்றுமுன் சில நாள் நரம்பு வழியே எரிவலி மட்டும் இருக்கும். கொப்புளம் கண்டதும் ஐயம் தீரும். சிறுநீர்க் குழாயில் இறங்கும் கல், இடுப்பின் பின்புறமிருந்து அரை நோக்கிப் பாயும் வலியைத் தரும். குடல்வால் நோயாளி அசையாமல் படுத்திருப்பார், கல் நோயாளி ஓரிடத்தில் கிடக்க மாட்டாமல் புரளுவார்.

வளரும் பையன்களைப் பற்றி ஒரு சொல். விதை தன் நாளத்தில் முறுக்கிக் கொண்டால் வலி அடிவயிற்றில் தோன்றலாம். பையன் நாணத்தால் வயிற்றை மட்டும் காட்டி, மற்றதை மறைத்துவிடுவான். ஏறத்தாழ 6 மணி நேரத்திற்குள் முறுக்கை அவிழ்த்தால் விதையைப் பெரும்பாலும் காக்கலாம்; நேரம் செல்லச் செல்ல அவ்வாய்ப்புக் குறையும். இவ்வொன்றிற்காகவேனும், "வேறெங்காவது வலிக்கிறதா?" என்று தனியே அழைத்து அன்போடு கேட்டல் வேண்டும்.

3. உடல் முழுவதன் கேடு

மூன்றாம் வகைப் போலிகளே மிகவும் ஆழ்ந்து எண்ணத்தக்கவை. இங்கே வயிற்றில் வெட்டியெடுக்கத் தக்க பொருள் ஒன்றுமில்லை.

நீரிழிவு இருப்பதே தெரியாத ஒரு சிறுமி வயிற்றுவலியோடும் வாந்தியோடும் வரலாம். இன்சுலின் குறைவால் குருதியில் அமிலம் மிகுந்ததே காரணம். சில நாளாகத் தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், உடல் மெலிவு, ஆழ்ந்து இழுக்கும் மூச்சு, மூச்சில் பழத்தின் மணம் ஆகியவை சான்றுகள். நீரும் இன்சுலினும் ஏற்ற, வலி தானே அடங்கும். ஒரு துளிக் குருதியில் சர்க்கரையை அளந்தால் உண்மை விளங்கிவிடும்.

நம் நாடுகளில் டிங்கிக் காய்ச்சலை நினையாமல் இருக்க முடியாது. கடும் வயிற்றுவலி டிங்கியின் எச்சரிக்கைக் குறிகளுள் ஒன்று என்று உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் வகுத்துள்ளது. அவ்வலி வலப்பக்கம் மிகுந்து குடல்வால் அழற்சி போலத் தோன்றியதும் உண்டு. குடல்வால் அழற்சியில் குருதியின் வெள்ளணுக்கள் பொதுவாகக் கூடும், டிங்கியில் குறையும். குருதியை உறையச் செய்யும் தட்டணுக்களும் டிங்கியில் குறைவதால், அந்நிலையில் வயிற்றைக் கீறுவது பெருங்குருதிப் போக்கை விளைக்கும். வலிக்கு முன் இரண்டு மூன்று நாள் கடுங்காய்ச்சல் இருந்ததா என்னும் ஒரு கேள்வி இங்கே உயிரின் விலை பெறும்.

போர்பிரியா என்னும் அரிய நோய் வழிவழியாக வருவது. குருதிக்குச் செந்நிறம் தரும் பொருள் உடலில் பல படிகளில் உருவாகிறது. ஒரு படியில் குறை இருப்பின் இடைப்பொருள்கள் தேங்கி நரம்பைத் தாக்கும். வலி தாங்க முடியாததாய் இருக்கும். வயிற்றைத் தொட்டாலோ மென்மையாகவே இருக்கும். சிறுநீரை வெளிச்சத்தில் வைத்தால் கருஞ்சிவப்பாக மாறலாம். தென்னாப்பிரிக்காவில் இதன் ஒரு வகை மிகுதியாகக் காணப்பட, ஜெப்ரி டீன் என்னும் மருத்துவர் குடும்ப வழிமுறைகளைத் தேடிச் சென்று, 1688இல் கேப் பகுதியில் மணம் செய்துகொண்ட ஓர் ஒல்லாந்து இணையரிடமிருந்து அது பரவியதெனக் கண்டார். சில தலைமுறைகள் வரை அது பெரிதும் தொல்லை தரவில்லை. பார்பிட்டுரேட் என்னும் தூக்க, மயக்க மருந்துகள் புழக்கத்திற்கு வந்த பின்னரே பலர் கைகால் செயலிழந்து மாண்டனர். குடல்வால் என்று எண்ணி அறுவைக்கு மயக்கம் கொடுத்தால், அம்மயக்க மருந்தே நோயைக் கொழுந்துவிட்டு எரியச் செய்யும். "உறவினர் எவர்க்கேனும் அறுவையின்போது விபரீதம் நேர்ந்ததா?" என்று மருத்துவர் கேட்பது வீண் பேச்சன்று.

ஈய நஞ்சும் வயிற்றை முறுக்கும். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஆப்பிள் மது அருந்துவோர்க்கு வந்த கொடிய வயிற்றுவலிக்கு, மது பிழியும் எந்திரங்களில் பயன்பட்ட ஈயமே காரணம் என்று 1767இல் சார்ச் பேக்கர் நிறுவினார். இன்றும் பழைய வண்ணப்பூச்சு, மின்கலம் உருக்கும் தொழில், ஈயம் கலந்த சில செந்தூர பற்ப மருந்துகள், சில கண்மைகள் ஆகியன வழியாக ஈயம் உடலிற் சேர்ந்ததுண்டு. மலச்சிக்கலும் வெளுத்த முகமும் ஈற்றில் நீலக்கோடும் இருப்பின் ஐயுற வேண்டும். நாட்டு மருந்து உண்பதை மருத்துவரிடம் மறைப்பது இங்கே தீங்காய் முடியும்.

இறுதியாக, தமிழகத்திற்கும் இலங்கைக்கும் உரிய ஒரு போலி. கட்டுவிரியன் இரவில் வரும். தரையில் படுத்துறங்குவோரைக் கடிக்கும். கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் இல்லாமற் போகலாம். பல்லின் தடமும் புலப்படாமற் போகலாம். நள்ளிரவிலோ விடியலிலோ வயிற்றுவலியோடும் வாந்தியோடும் எழுவோர், கடிபட்டதையே அறியார். சில மணி நேரத்தில் கண்ணிமை தொங்கும், பார்வை இரட்டையாகும், விழுங்க முடியாது, மூச்சு நிற்கும். இமை தொங்குவதைக் கண்டு உணர்ந்து, நஞ்சுமுறி மருந்தும் செயற்கை மூச்சும் காலத்தில் தந்தால் பிழைப்பர். வயிற்றை நோக்கும் மருத்துவர் கண்ணையும் நோக்க வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று இல்லை.

பிரித்தறியும் முறை

இத்தனை போலிகளையும் மருத்துவர் எவ்வாறு பிரிக்கிறார்? முதற்கருவி கேள்வி. வலி எப்போது, எங்கே, எவ்வாறு தொடங்கியது, எங்கே நகர்ந்தது, எது முன், எது பின் என்பன. இலண்டன் அறுவை மருத்துவர் சக்கரி கோப் 1921இல் கடும் வயிற்றுவலியைத் தொடக்கத்திலேயே அறிவது பற்றி ஒரு நூல் எழுதினார். அதே பொருளை 1947இல் புனைபெயரில் செய்யுளாகவும் பாடி வெளியிட்டார். மாணவர் நெஞ்சில் நிற்கச் செய்யுளே ஏற்றதென்று நம் சித்தர்கள் கண்ட உண்மையை, அவரும் தம் வழியில் கண்டார் போலும்!

இரண்டாவது கருவி கை, மூன்றாவது காலம். ஐயமான நிலையில், உடன் அறுக்காமலும் வீட்டுக்கு அனுப்பாமலும், மருத்துவமனையில் வைத்துச் சில மணி நேரத்திற்கு ஒருமுறை மீண்டும் தொட்டுப் பார்ப்பர். மெய்ந்நோய் முற்றும், போலிகளுள் பல அடங்கும். குருதி, சிறுநீர் ஆய்வுகள் துணை நிற்கும். 1986இல் ஒல்லாந்தின் புய்லார்ட், கேளா ஒலியலைக் கருவியால் வயிற்றை மெல்ல அழுத்திக் குடல்வாலைக் காணும் முறையை விளக்கினார். இன்று சி.டி. படம் மீன்முள்ளையும் கொழுப்புத் தொங்கலையும் கூடக் காட்டுகிறது. 1980இல் செருமனியின் கீல் நகரில் கூர்ட் செம் சிறு துளை வழியே கருவி செலுத்திக் குடல்வாலை நீக்கினார்; அன்று உடன் மருத்துவரே அவரை எள்ளினர்; இன்று அதுவே பொது வழக்கம்.

வெடிக்காத குடல்வால் அழற்சியைக் கிருமிக்கொல்லி மருந்தால் மட்டும் ஆற்றவும் இப்போது முடிகிறது. ஆயினும் பின்லாந்தில் அவ்வாறு ஆற்றப்பட்டவர்களை ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்ததில், 100க்கு 39 பேர்க்கு நோய் மீண்டும் வந்தது. ஆகவே யார்க்கு மருந்து, யார்க்கு அறுவை என்பதை மருத்துவரே தீர்மானித்தல் வேண்டும்.

நாம் செய்யத்தக்கன

போலிகளின் பெயரை ஒப்பிப்பதால் நோயைக் கண்டுபிடித்துவிட முடியாது; அது நம் பணியுமன்று. நம் பணி சிறியது, ஆனால் இன்றியமையாதது.

வயிற்றுவலி என்றதும் விளக்கெண்ணெயோ பேதி மருந்தோ கொடுக்கும் பழக்கம் நம் குடும்பங்களில் நெடுநாள் இருந்தது. குடல்வால் அழற்சியில் அது குடலை முடுக்கி வெடிப்பை விரைவுபடுத்தும்; ஒருபோதும் கொடுத்தல் ஆகாது. வயிற்றில் வெந்நீர்ப் பை வைத்தலும் வேண்டா. அறுவை வேண்டியிருக்கலாம் என்பதால் உணவும் கொடாதிருத்தல் நலம். டிங்கிக்கும் இடமுண்டு என்பதால் ஆஸ்பிரின், ஐபுபுரோபன் போன்றவற்றை நாமாகத் தருதல் கூடாது.

வலி சில மணி நேரமாகத் தொடர்ந்தாலும், நடக்கும்போதும் இருமும்போதும் மிகுந்தாலும், முகம் வெளுத்தாலும், மயக்கம் வந்தாலும், வயிறு பலகை போல் இறுகினாலும் உடனே மருத்துவமனைக்கு அனுப்புக. கடும் வலி திடீரென நின்றுபோனால் நோய் தீர்ந்ததென மகிழ்ந்துவிடலாகாது. குடல்வால் வெடித்ததும் அழுத்தம் தணிந்து சிறிது நேரம் வலி குறைவதுண்டு.

மாணவனை அனுப்பும்போது ஒரு தாளில் சில செய்திகளை எழுதிக் கொடுத்தனுப்புதல் பெரும்பயன் தரும்: வலி தொடங்கிய நேரம், தொடங்கிய இடம், பின் நகர்ந்த இடம், வாந்தி வந்தது முன்னா பின்னா, காய்ச்சல் எத்தனை நாளாக, உண்ட மருந்துகள் எவை, உடன் பயிலும் வேறு எவர்க்கேனும் இதே துன்பம் உண்டா என்பன. வலியால் துடிக்கும் பிள்ளை இவற்றை மறந்துவிடும். பதறி வரும் பெற்றோர்க்கும் தெரிந்திரா. காலையிலிருந்து அருகில் இருந்து கண்டவர் ஆசிரியரே. அவர் எழுதும் அந்நான்கு வரி, மெய்யையும் போலியையும் பிரிக்கும் மருத்துவரின் கைக்கு விளக்காகும்.